சக்கரம் பார்க்கப் போன மாப்பிள்ளை

கோயமுத்தூர்க்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த மெஷின் நின்றாலும் பக்கத்தில் போய்ப் பார்க்காமல் இருக்க முடியாது. நடுரோட்டில் யார் வண்டியோ நின்றால்கூட நாலு பேர் குனிந்து என்ஜினுக்குள் தலையை விடுவோம். (நம் வண்டி வீட்டில் பஞ்சராகிக் கிடக்கும், அது வேறு விஷயம்.) எனக்கு இந்த வியாதி முற்றிய நிலை. ஹைட்ராலிக் சிலிண்டர் செய்யும் லேத் பட்டறை வைத்திருக்கிறேன்.

கல்யாணமான புதிதில், சென்னையில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு நானும் என் மனைவி சுகந்தியும் சின்ன விமானத்தில் ஊர் திரும்பினோம். இறக்கையில் காற்றாடி சுற்றும், உள்ளே மினி பஸ் அளவுக்குத்தான் இடம் இருக்கும், அந்த வகை. சுகந்திக்கு அதுதான் முதல் விமானம். பொருட்காட்சி ராட்டினத்திலேயே கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறவள். ஏறும்போதே சொல்லிவிட்டாள்.

"எறங்கற வரைக்கும் என்ற கையை உட்றக் கூடாது, சரிங்களா?"

"உசுரே போனாலும் உடமாட்டேன் அம்மணி."

(புது மாப்பிள்ளை. வாய்க்கு வரியா கட்டுகிறோம்!)

ஊர் நெருங்கியதும், நாங்கள் இருந்த இடப்பக்கச் சக்கரம் இறங்குவதை ஜன்னல் வழியே பார்த்தேன். சற்று நேரத்தில் பைலட் பேசினார். வலப்பக்கச் சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதற்கான விளக்கு எரியவில்லையாம். கொஞ்ச நேரம் வட்டமடித்துச் சரிபார்க்கப் போகிறார்களாம். யாரும் எழுந்திருக்க வேண்டாமாம். இந்தக் கடைசி விஷயம் மட்டும் என் காதில் ஏறவில்லை.

சுகந்தியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். "ஒரே நிமிசம். பாத்துப்போட்டு வந்தர்றேன்."

எதிர்ப்பக்கம் ஜன்னலோரம் இருந்தவர் கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிறவர். தங்கவேல் என்ற பெயர் பிறகுதான் தெரிந்தது. அவருக்கு அடுத்த இருக்கையில் கிணத்துக்கடவு தென்னந்தோப்புக்காரர் ஒருவர்.

"ஏனுங்க, சக்கரம் தெரியுதுங்களா?" என்றேன்.

"பாதி வந்து நின்னுபோச்சாட்ட இருக்குதுங்க. நீங்க பாருங்க" என்றார் தங்கவேல்.

"இல்லீங்க, நீங்களே பாருங்க."

"அட, உங்களுக்குத்தான் வெவரம் தெரியுது. நீங்க சன்னலுக்கு வாங்க."

உயிர் போகிற நேரத்திலும் எங்களுக்கு மரியாதை போகாது. எழுந்து இடம் கொடுத்தார், உட்கார்ந்தேன். அதற்குள் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் ஏழெட்டுத் தலைகள் எங்கள் மேல் சாய்ந்தன. எல்லாம் நம்ம ஊர்த் தலைகள். பம்ப்செட் ஒன்று, பேரிங் ஒன்று, ஃபவுண்டரி ஒன்று.

"கெணத்து மோட்டாராட்ட ஒருக்கா ஆப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுங்க" என்றார் தோப்புக்காரர்.

நான் பொறுமையாக விளக்கினேன். "ஆயில் லீக்கானா பிரசர் வராதுங்க. பிரசர் வரலீன்னா சக்கரம் முழுசா எறங்காதுங்க."

"எறங்கலீன்னா?"

அதுவரைக்கும் நான் யோசித்திருக்கவில்லை. பின்வரிசையில் ஒரு அம்மா முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார்.

பணிப்பெண் ஓடிவந்து போட்ட சத்தத்தில் எல்லோரும் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். தன் இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு நின்ற தங்கவேலுக்குக் கிடைத்தது, சுகந்திக்குப் பக்கத்தில் நான் விட்டுவந்த இடம்.

பைலட் அவசர லீவரை இழுத்துவிட, சக்கரம் தன் கனத்தாலேயே தொப்பென்று கீழே விழுந்தது. "எறங்கிருச்சு!" என்று நான்தான் கத்தினேன். ஆனால் விளக்கு அப்போதும் எரியவில்லையாம். தரையில் பட்டால் சக்கரம் நிற்குமா, மடங்குமா என்பது யாருக்கும் தெரியாது. எல்லோரும் தலையைக் குனிந்துகொள்ளச் சொன்னார்கள்.

அப்போதுதான் எனக்குப் பெண்டாட்டி ஞாபகம் வந்தது. தோப்புக்காரரின் தொப்பைக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். சுகந்தி கண்ணை மூடிக் குனிந்திருந்தாள். அவள் இரண்டு கையும் தங்கவேலின் ஒரு கையைப் பிடித்திருந்தன. பொறாமை வரவில்லை. இவளுக்கு ஏதாவது ஆனால், கடைசியாகப் பிடித்த கை என்னுடையது இல்லையே என்றுதான் நினைத்தேன். கூப்பிட்டேன். என்ஜின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

தரையில் பட்டதும் சக்கரம் மடங்காமல் நின்றது. தீயணைப்பு வண்டிகள் சும்மா கூடவே ஓடிவந்தன. எல்லோரும் கை தட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை.

வெளியே வந்ததும் தங்கவேல் என்னிடம் கை கூப்பினார். "தப்பா நெனச்சுக்காதீங்க. அம்மணி ரொம்பப் பயந்துபோச்சு. நெசத்தச் சொன்னா, நானுந்தான் புடிச்சுக்கிட்டேனுங்க."

"நீங்க எதுக்குங்கண்ணா அவருகிட்ட சொல்றீங்க?" என்றாள் சுகந்தி. என் பக்கம் திரும்பவே இல்லை.

கூடப் பிறந்தவர்கள் இல்லாதவளுக்கு அன்று ஒரு அண்ணன் கிடைத்தார். எங்கள் மகளுக்குக் காது குத்தியது அவர் மடியில் வைத்துத்தான். தட்டுத் தட்டாகத் தாய்மாமன் சீரோடு வந்து இறங்கினார். "எந்த வழியில சொந்தமுங்க?" என்று என் பெரியம்மா கேட்க, பந்தலே கேட்கும்படி சுகந்தி பதில் சொன்னாள்.

"வானத்துல இவரு என்ற கையை உட்டுப்போட்டுச் சக்கரம் பாக்கப் போயிட்டாருங்க பெரிம்மா. அந்த வழியில சொந்தம்."

இன்றைக்கும் எந்த விசேஷத்திலும் இந்தக் கதை ஓடாமல் பந்தி முடியாது. நானும் சிரிப்பேன். விமானம் இறங்கத் தொடங்கினால் மட்டும் எனக்குச் சிரிப்பு வராது. ஜன்னலைப் பார்க்காமல் அவள் கையைத் தேடுவேன். அவள் உடனே கொடுத்துவிட மாட்டாள்.

"ஏனுங்க, இன்னிக்கு எங்கண்ணன் வரலீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பாள்.