கேட்டது ஒரு கார்

கேட்டது ஒரு கார். லாரியிலிருந்து இறங்கியவை மூட்டை மூட்டையாக ஹாரன்கள்.

பரசுராமனுக்குக் காதுவரை சூடேறியது. காஞ்சிபுரம் கார் ஷோரூமின் மேனேஜர் அவன். பட்டுக்கடை கோதண்டபாணியின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கார் தருவதாகப் பேச்சு. கார் வராவிட்டால் உன் நாற்காலியும் இருக்காது என்று ஷோரூம் முதலாளி சொல்லிவிட்டார்.

எல்லாம் கம்பெனி வாங்கிய கம்ப்யூட்டரால் வந்த வினை. இனி கடிதம் கூடாதாம். கட்டம் போட்ட தாளில் ஆர்டரைப் புள்ளிகளாகக் குறித்து, அதன்படி அட்டையில் ஓட்டை போட்டு மெட்ராசுக்கு அனுப்ப வேண்டுமாம். கம்ப்யூட்டரே படித்துச் சரக்கை அனுப்புமாம். நடுவில் மனிதனே கிடையாதாம்.

கம்பெனி கொடுத்த ஓட்டை போடும் கருவி முதல் நாளே பல் உடைந்தது. காஞ்சிபுரத்தில் அட்டையில் ஓட்டை போடவா ஆள் இல்லை? ஐயம்பேட்டையில், தறியில் பூ விழுவதற்கான ஓட்டை அட்டை அடிக்கும் ராமலிங்கத்தின் மேஜையில், ஏற்கெனவே கிடந்த புடவை டிசைன் கட்டத் தாள்களின் மேல் தன் தாளையும் கம்பெனி அட்டைகளையும் வைத்துவிட்டு வந்தான்.

இப்போது மெட்ராசுக்கு டிரங்க் கால் போட்டான்.

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது சார்," என்றார் மெட்ராஸ் அதிகாரி.

"அப்போ நானா ஹாரன் கேட்டேன்?"

"உங்க அட்டை கேட்டிருக்கு."

ராமலிங்கத்திடம் அதே மாதிரி இன்னோர் அட்டை அடித்து வாங்கி அனுப்பினான். இன்னொரு லாரி ஹாரன் வந்தது. ஆத்திரத்தில் மூன்று அட்டைகளைச் சேர்த்து அனுப்பினான். ஷோரூமில் இடம் போதாமல் அவன் நாற்காலி தெருவுக்கு வந்தது. பின்னாலேயே தந்தி: 'ஹாரன் விற்பனையில் முதலிடம். வாழ்த்துகள்.'

தந்தியைக் கிழித்துக்கொண்டிருந்தபோது கோதண்டபாணி வந்து நின்றார்.

"கார் எங்கய்யா? ஹாரனை மாப்ள கழுத்துல மாட்டி ஊர்கோலம் உடவா?"

"அட்டை அடிச்ச ராமலிங்கத்தைக் கேளுங்க."

"அவனை ஏன்யா இழுக்கிற? இந்தக் கல்யாணத்துல உருப்படியா நடந்துக்கினு இருக்கிறது, அவன் வீட்டுத் தறியில ஓடுற அன்னம் போட்ட முகூர்த்தப் பொடவை ஒண்ணுதான்."

"வாங்க, நேர்லயே கேட்டுடலாம்."

ஐயம்பேட்டையில் ராமலிங்கம் அட்டை அடிப்பதை நிறுத்தாமலே பேசினான்.

"தாள்ல எங்க புள்ளியோ அங்க ஓட்டை. அது காரா கழுதையான்னு நான் எதுக்குபா பாக்கணும்?"

"பாக்காம அடிச்சதாலதான்யா என் வேலை போவுது."

பரசுராமன் மேஜையில் ஓங்கிக் குத்தினான். உள்ளே தறிச் சத்தம் நின்றது. ராமலிங்கத்தின் மனைவி வடிவாம்பாள் எட்டிப் பார்த்து, கோதண்டபாணியிடம் வந்தாள்.

"நல்லவேளை, நீங்களே வந்தீங்க மொதலாளி. முந்தானையில அன்னத்தையே காணோம், பூரா வெறும் புள்ளியா வருது. அன்னத்த வேற எங்கனா அனுப்பிட்டாரா இவரு?"