கலைவாணி லோகேஷ் புறப்பாடும் பதினேழு மண்டகப்படியும்

வழியனுப்புதல் என்னும் அருங்கலையை உலகுக்கு அளித்தது காஞ்சிபுரம்தான் என்பதை இனி எவரும் மறுக்க முடியாது. மற்ற ஊர்க்காரர்கள் "போய்ட்டு வா" என்று ஒரு நொடியில் அனுப்பிவிட்டு உள்ளே போய் டி.வி. பார்க்கிறார்கள். நாங்கள் இரண்டே இரண்டு பேரை மூன்று நாள் வழியனுப்பினோம். அந்தச் சாதனையை நிகழ்த்திய குழுவின் செயலாளர் என்ற முறையில் இதைப் பதிவு செய்கிறேன். அந்த இருவரில் ஒருத்தி என் மகள் என்பது தற்செயல்.

மகள் கலைவாணியும் மருமகன் லோகேஷும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். ஒரே நாளில் ராஜினாமா செய்தார்கள். சைக்கிளில் மும்பை, அங்கிருந்து சைக்கிளோடு விமானத்தில் தான்சானியா, பிறகு ஆப்பிரிக்காவை மிதித்து முடித்துவிட்டு ஐரோப்பா. ஒன்றரை வருடத் திட்டம்.

அவர்கள் தாமாகச் செய்துகொண்ட ஆயத்தங்கள் மிக அற்பமானவை. எடை குறையவேண்டும் என்று பல் தேய்க்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் கூடாரம் அடித்துப் பழகினார்கள். ஸ்டவ்வை யார் சுமப்பது என்று சண்டை போட்டார்கள். பாதையில் சண்டை வந்தால் சமாதானமும் ஆகவேண்டுமே என்று அதற்கும் பழகிக்கொண்டார்கள். வீடே சிரிப்பும் பஞ்சர் பசை வாடையுமாக இருந்தது.

"தேதி ஒண்ணுதான் பா முக்கியம்" என்றாள் கலைவாணி. "மும்பைக்கு இருவத்தஞ்சு நாள்ல போய்ச் சேரணும். ஃப்ளைட்டை வுட்டா டிக்கெட் போச்சி, விசா போச்சி. வேலையும் இல்ல. அப்புறம் வூட்ல குந்திக்கினு மேப்பத்தான் பாக்கணும்."

"காலைல ஆறு மணிக்கு உங்களுக்குக் கையாட்டிட்டு கிளம்பிடுவோம் மாமா" என்றான் லோகேஷ்.

கையாட்டுவதா! ஊருக்கு இதைவிடத் தலைக்குனிவு உண்டா? பட்டுக்கடை சிவராஜ் கொதித்தெழுந்தார். அவர் தலைமையில், நாற்பத்திரண்டு பேர் கொண்ட 'கண்டம் தாண்டும் தம்பதியர் வழியனுப்பு விழாக் குழு' அன்றே உதயமானது. மேடையில் யார் எங்கே உட்காருவது என்ற ஆக்கபூர்வமான விவாதத்தில் முதல் கூட்டம் இனிதே முடிந்தது. இரண்டாவது கூட்டத்துக்குத் தம்பதியரும் 'பார்வையாளர்களாக' அனுமதிக்கப்பட்டார்கள்.

"சைக்கிள்ல இன்னா துணி போட்டுக்கினு போவீங்க?" என்று தலைவர் விசாரித்தார்.

"ஜெர்சி அங்கிள்."

"இந்த ஊர்ல பொறந்துட்டு பட்டு இல்லாம வெளிநாடு போறதா? முகூர்த்தப் பட்டுதான் மா கட்டணும்."

"முந்தானை செயின்ல மாட்டிக்கும் அங்கிள்!"

"பயப்படாத. நம்ம ஜரிகை உறுதி. செயின்தான் அறுந்துடும்."

அழைப்பிதழ் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. எங்கள் ஊருக்கு ஒன்றை வெளியே அனுப்பத் தெரிந்த முறை ஒன்றுதான்: சாமி புறப்பாடு. ஆகவே சென்ற வருட உற்சவ நோட்டீஸை எடுத்து, சாமி பெயர் இருந்த இடத்தில் மகள், மருமகன் பெயரைப் போட்டேன். 'காலை 7.00 புறப்பாடு. வழிநெடுக மண்டகப்படி. மாலை 6.00 ஆஸ்தானம் சேருதல்.' சாமியைத் தெருவுக்குத் தெரு நிறுத்தி மாலை சாத்தித் தீபாராதனை காட்டுவார்களே, அந்த மண்டகப்படிதான். மெய்ப்புப் பார்த்த நாற்பத்திரண்டு பேரும் அவரவர் பெயரும் பட்டமும் சரியாக வந்திருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டார்கள்.

முதல் நாள் நாதஸ்வரத்தோடு புறப்பாடு. ஏழு மண்டகப்படி. ஒவ்வொன்றிலும் சால்வை, ஆளுயர மாலை, மூன்று கிலோ நினைவுக் கேடயம். பிரஷ்ஷை அறுத்து மிச்சம் பிடித்த எடையை நாங்கள் முதல் தெருவிலேயே ஈடுகட்டிவிட்டோம். சைக்கிளில் பாட்டில் மாட்டும் வளையங்கள் வீணாக இருந்தன; பாட்டில்களைக் கழற்றிவிட்டு அவற்றில் குழுவின் கொடியைச் செருகினோம்.

"அங்கிள், கொஞ்சம் தண்ணி..." என்றான் லோகேஷ், ஐந்தாவது மண்டகப்படியில்.

"வாழ்த்துரை முடியட்டும் பா. மரியாதைன்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

ஏழாவது முடிந்தபோது மாலை ஆகிவிட்டது. பெங்களூர் சாலை கண்ணுக்குத் தெரிந்தது. இருவரும் பெடலில் கால் வைத்தார்கள். சிவராஜ் ஹாண்டில்பாரைப் பிடித்தார்.

"மணி ஆறாவுது. ஆஸ்தானம் சேரணும்."

"எங்க அங்கிள்?"

"வூட்டுக்குத்தான். புறப்பாடு போன சாமி திரும்பி வராம எங்கனா இருக்குதா? நோட்டீஸ்லயே போட்டுக்கீதே!"

"நாங்க சாமி இல்ல அங்கிள்!"

"அடக்கம்! அடக்கம்!" என்று கூட்டம் கை தட்டியது.

கலைவாணி நோட்டீஸைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இத யாரு பா எழுதினது?" என்றாள். செயலாளர் தன் உழைப்பைத் தானே விளம்பரம் செய்துகொள்வது பண்பாடு ஆகாது. நான் சரிந்திருந்த குழுக் கொடியை நிமிர்த்தி வைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பாச்சா வந்துவிட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியர், நியாயம் பேசுவதில் நிபுணர்.

"பெரிய காஞ்சிபுரத்திலே ஏழு. எங்க வீதிக்கு ஒண்ணுகூட இல்லையா? நாங்க என்ன பாவம் பண்ணினோம், சொல்லுங்கோ!"

நியாயம்தானே? அன்று அங்கே ஐந்து. மாலையில் ஆஸ்தானம். மூன்றாம் நாள் பக்கத்து ஐயம்பேட்டைக்காரர்கள் ரோஷப்பட்டு இன்னும் ஐந்து. "ஒரு நாளைக்கு அம்பது கிலோமீட்டர்னு போட்டது இப்ப அறுவதாயிடுச்சி. நாலாவது நாளும் இருந்தா அவ்ளோதான்" என்று கலைவாணி காலையிலேயே சொல்லியிருந்தாள். அப்போது அவள் குரலில் சிரிப்பே இல்லை.

பதினேழாவது மண்டகப்படியில் சிவராஜ் 'இல்லறமும் இருசக்கரமும்' என்ற தலைப்பில் பேச எழுந்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு பேசுபவர். குழுவினர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர்கள். மேடையில் அவர் அருகே நின்ற எனக்கு மட்டும் எல்லாம் தெரிந்தது. கலைவாணி பட்டுப்புடவையை அவிழ்த்தாள். உள்ளே ஜெர்சி. மூன்று நாளும் அதைப் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், என் கெட்டிக்காரி! லோகேஷ் கொடிகளைப் பிடுங்கிப் போட்டான். மாலைகளையும் சால்வைகளையும் இரண்டு நாற்காலிகளுக்கு அணிவித்து, மடியில் கேடயங்களை அடுக்கி வைத்தார்கள். கலைவாணி என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். சைக்கிள்கள் நழுவின.

'பத்திரமா போ மா' என்று கத்தவேண்டும் போலிருந்தது எனக்கு. வாழ்த்துரைக்கு இடையூறாகுமே என்று அடக்கிக்கொண்டேன்.

தலைவர் நாற்காலிகளை நோக்கி மேலும் அரைமணி நேரம் பேசினார். பிறகு கண் திறந்து, "புடிங்கடா!" என்றார். நாற்பத்திரண்டு பேரில் ஒருவருக்கும் சைக்கிள் இல்லை. ஷேர் ஆட்டோ கிடைப்பதற்குள் இருட்டிவிட்டது. அவசரக் கூட்டம் கூடி, நன்றியுரை நிகழாததால் விழா முடியவில்லை என்றும், விழா முடியாததால் தம்பதியர் இன்னும் புறப்படவில்லை என்றும் ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

இன்னும் புறப்படாத என் மகள் போன வாரம் தான்சானியாவிலிருந்து பேசினாள். சிவராஜும் உடன் இருந்தார்.

"அங்க எத்தினி மண்டகப்படி மா?" என்று ஆவலாகக் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல அங்கிள். ரோட்டோரம் சோளம் வித்துக்கினு இருந்த ஒரு அம்மா எங்களப் பாத்தாங்க. பேரு கூட கேக்கல. பாட்டில வாங்கி தண்ணி ரொப்பிக் குடுத்துட்டு, போன்னு கை காட்டிட்டாங்க. அவ்ளோதான்."

"பாத்தியா, வழியனுப்பத் தெரியாத ஊரு" என்று சிவராஜ் வருந்தினார்.

நான் வீட்டுக்கு வந்து, என் கையாலேயே எழுதிய விழா அறிக்கையைப் பிரித்தேன். சால்வை அறுபத்தெட்டு, கேடயம் பதினேழு, வாழ்த்துரை நாற்பத்து மூன்று. தண்ணீர் என்ற சொல்லைப் பக்கம் பக்கமாகத் தேடினேன். ஒரே ஓர் இடத்தில் இருந்தது.

'மூன்றாம் நாள் மாலை, உரையின் நடுவே தலைவருக்கு நா வறண்டதால் தண்ணீர் வழங்கப்பட்டது. வழங்கியவர்: செயலாளர்.'