மீசையில் எரிந்த படிகம்

ஆராய்ச்சி மாணவனுக்குப் பெண் கொடுக்க லேசில் யாரும் துணிய மாட்டார்கள். துணிந்து வந்தவர்களையும் விரட்டியடிக்கும் திறமை எனக்கு இருந்தது.

அப்போது நான் அண்ணாமலை நகரில் படிகங்களை வளைத்துக்கொண்டிருந்தேன். தலைமுடியைவிட மெல்லிய, ஒடியாமல் வளைகிற படிகங்கள். ஒரு முனையில் ஒளியை விட்டால் வளைவெல்லாம் சுற்றி மறுமுனையில் வந்து நிற்கும். (நாளைக்குக் கம்பிக்குப் பதிலாகக் கணினிக்குள் இதுதான் ஓடும் என்று நம்பினேன். அதுவரை ஓடியது என் வயது மட்டும்.)

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து, எனக்குப் பார்த்திருந்த ஸ்டெல்லாவும் அவள் அப்பாவும் என் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்கள். நான் என்னதான் வேலை செய்கிறேன் என்று பார்த்துவிட்டுக் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்வதாக ஏற்பாடு. அவர் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர்.

"படிகம்னா சக்கரதானே தம்பி? எங்க மில்லுல மூட்ட மூட்டையா கெடக்கும்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மாதக்கணக்கில் பாடுபட்டு வளைத்த ஒன்றை ஊசி முனையில் தூக்கிக் காட்டினேன். பாவம், அவருக்கு வியர்த்துக் கொட்டியது. விருந்தாளிக்கு வியர்த்தால் நம் கை தானாக ஃபேனைப் போட்டுவிடும், மூளையைக் கேட்காது. (அந்த சுவிட்சின் மேல் 'தொடாதே' என்று எழுதி ஒட்டியவனும் நான்தான்.)

படிகம் பறந்துவிட்டது.

மூவரும் தரையில் தவழ்ந்து தேடினோம். கடைசியில் விளக்கை அணைத்துவிட்டு, படிகத்தைப் பச்சையாக ஒளிரவைக்கும் புற ஊதா டார்ச்சை அடித்தேன். அவருடைய வெள்ளை வேட்டி, சட்டையெல்லாம் நீலமாக ஜொலித்தன.

"அப்பா, ஆடாதீங்க," என்றாள் ஸ்டெல்லா. "மீசையில எரியுது."

ஆமாம், பச்சைக் கீற்று, இரண்டு முனையும் பளிச்சென்று. இடுக்கியோடு நெருங்கினேன்.

"மாமா, மூச்சு விடாதீங்க!" (பதற்றத்தில் உறவு முறையை நானே முடிவு செய்துவிட்டேன்.)

மனிதர் முடிந்தவரை அடக்கினார். பிறகு அந்தக் கட்டிடமே அதிரும்படி ஒரு தும்மல்.

விளக்கைப் போட்டேன். படிகமும் போச்சு, பெண்ணும் போச்சு என்று இடுக்கியைக் கீழே வைத்தேன். ஸ்டெல்லா சிரிப்பை அடக்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குற்றம் செய்தவர் போல என்னைப் பார்த்தார்.

"இன்னொண்ணு வளைக்க முடியுமா, மாப்ள?"

கல்யாணம் நடந்தது. இப்போதும் மாமனார் வீட்டில் கரண்ட் போனால் யாரும் மெழுகுவர்த்தி தேடுவதில்லை. இருட்டுக்குள்ளிருந்து மச்சான் குரல் கொடுப்பான்:

"அப்பா, எங்க இருக்கீங்க? அந்த மீசையக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்க!"