ஊடு ஒழுகுது, நூற்றெண்பத்தேழு பேர் அருமை என்கிறார்கள்

அன்புள்ள மச்சான் சதீஷ்குமாருக்கு,

கொல்லிமலை தேவனூர் நாட்டிலிருந்து உன் அக்கா புருசன் குழந்தைவேலு எழுதுவது. நாமக்கல்லில் நீயும், உன் வீட்டாரும், உன் பட்டறையில் பாடி கட்டக் காத்திருக்கும் லாரிகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அறப்பளீஸ்வரரை வேண்டுகிறேன். இங்கே மிளகுக்கொடி நலம். மாடு நலம். உன் அக்கா பாவாயி மிக மிக நலம். நான் நலமில்லை.

கையில் போனை வைத்துக்கொண்டு எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் பேசினால் உன் அக்கா காதில் விழும். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் அந்தப் பக்கம் போகவே எனக்கு வயிறு எரிகிறது. ஆகவே பேனாவை எடுத்தேன். நாளைக் காலை நாமக்கல் சந்தைக்குப் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு போகும் செங்கோடன் இதை உன் கையில் கொடுப்பான். படித்துவிட்டுக் கிழித்துவிடு.

மூன்று வருஷமாக நான் ‘குறிஞ்சிக் குயில்கள்’ என்ற வாட்ஸ்அப் கவிதைக் குழுவில் இருப்பது உனக்குத் தெரியும். உன் கல்யாண நாளுக்கு நான் அனுப்பிய நாற்பது வரி வாழ்த்தை நீ இன்றுவரை படிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், அதை விடு. குழுவில் நூற்றெண்பத்தேழு குயில்கள். எல்லாருக்கும் புனைபெயர் உண்டு. நான் முதலில் ‘மலைமகன்’ என்று இருந்தேன், பிறகு ‘முகிலன்பன்’, இப்போது ‘கவிவேழம்’. குழுவில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. நான் உன் கவிதைக்கு ‘அருமை’ என்று போட்டால் நீ என் கவிதைக்கு ‘அருமை’ என்று போட வேண்டும். இந்தச் சட்டத்தை நம்பி நான் தினமும் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதற்கு முன்னால் முப்பது பேருக்கு அருமை போட்டுவிட்டுத்தான் பல் விளக்குவேன். ஆனால் நான் ‘மலையே, நீ தமிழின் தோளே! முகிலே, நீ அத்தோளின் துண்டே!’ என்று தொடங்கி அறுபத்து நான்கு வரி எழுதிப் போட்டபோது எனக்கு வந்தது மூன்று கட்டைவிரலும் ஒரு ‘காலை வணக்க’மும். அந்தக் காலை வணக்கம்கூட எனக்கு இல்லை, பொதுவாகப் போட்டது.

சரி, நமக்கென்று ஒரு ரசிகை இருந்தால் மற்றவர்களும் வருவார்கள் என்று கணக்குப் போட்டு, நீ உன் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தாயே அந்தப் போன், அதன் நம்பரைக் குழுவில் சேர்த்தேன். மனைவி என்று சொன்னால் மரியாதை போய்விடும் என்பதால் ‘பாவாயி, கவிதை ஆர்வலர், கொல்லிமலை’ என்று அறிமுகப்படுத்தினேன். அவள் போனில் குழுவை மேலே வரும்படி வைத்துக் கொடுத்து, “இங்க பாரு, மேல இருக்கறது நாந்தான். இதுல என்ன வந்தாலும் ஒரு இதயத்தப் போட்டுரு” என்று சொல்லிக் கொடுத்தேன். அவளும் சரிங்க என்றாள். இதில் என் தப்பு என்ன, நீயே சொல்.

மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு நாங்கள் இரண்டு பேர்தானே. சாயங்காலம் ஆனால் நான் மொட்டைப்பாறைக்கு ஏறிவிடுவேன். என் போனுக்கு அங்கேதான் சிக்னல் கிடைக்கும். உன் அக்கா போனுக்கோ அடுப்படி சன்னலிலேயே கிடைக்கும், அதிலும் அவளுக்குத்தான் அதிர்ஷ்டம். போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மழை. குடையைப் பிடித்துக்கொண்டு பாறையில் நின்று, என் துண்டுக் கவிதைக்கு நான்காவது கட்டைவிரல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். குழுவில் உன் அக்கா பேரில் ஒன்று வந்து விழுகிறது.

ஊடு ஒழுகுது
சட்டி வெச்சுட்டேன்
சட்டியும் ரொம்பிருச்சு
நீங்க வாரீங்களா

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஓட்டு வீட்டின் மேல் குரங்கு குதித்து ஓடு நகர்ந்து ஒரு மாசமாக அடுப்படி ஒழுகுவது உண்மை. அதை எனக்குச் சொல்ல நினைத்து, அங்கே போட்டிருக்கிறாள். மானம் போயிற்று, ஓடிப்போய் அழிக்கச் சொல்ல வேண்டும் என்று நான் இறங்குவதற்குள் பேராசிரியர் அருள்மொழி வந்துவிட்டார். இவர் தஞ்சாவூர்ப் பக்கம், ஓய்வு பெற்றவர், குழுவில் இவர் சொன்னதுதான் தீர்ப்பு. அவர் எழுதுகிறார்: “ஊடு! எத்தனை பழஞ்சொல்! ஊடு என்றால் இடையே. ஊடு என்பதே ஊடலின் வேர். தலைவியின் ஊடல் இடையறாது ஒழுகுகிறது. சட்டி என்பது உடல். அது நிரம்பியும் தலைவன் வரவில்லை. இனி வரவே முடியாத இடத்துக்குப் போய்விட்டானோ?” என்று கேட்டுக் கண்ணீர்ப் பொம்மை மூன்று. மச்சான், அந்தக் குழுவில் சேலம், நாமக்கல், ஈரோட்டு ஆட்கள் நாங்கள் அறுபது பேர் இருக்கிறோம். ஊடு என்றால் வீடு என்று தெரியாதவன் ஒருத்தனாவது உண்டா? ஒருத்தன் வாயைத் திறக்கவில்லை. பேராசிரியரே சொன்ன பிறகு நமக்கென்ன தெரியும் என்று வரிசையாக வந்து அருமை, அருமை, உறைந்துவிட்டேன், அம்மா உங்கள் இழப்புக்கு ஆழ்ந்த இரங்கல் என்று போடுகிறான்கள். நான் குடையோடு உயிரோடு நின்று என் இரங்கலை நானே படித்தேன். கூடவே இருந்துகொண்டு நான் மட்டும் ஒன்றும் போடாமல் இருந்தால் சந்தேகம் வருமே என்று நானும் ‘அருமை’ என்று போட்டேன்.

அன்றோடு விட்டதா? மூன்று நாள் கழித்து, ‘கொரங்கு வந்துச்சு, மொளகெல்லாம் நனஞ்சு போச்சு, ஆருமே இல்ல’ என்று போட்டாள். குரங்கு என்றால் மனமாம், மிளகு என்றால் காய்ந்துபோன இளமையாம். அதற்கடுத்த நாள் ‘சோறு ஆறுது’ என்று இரண்டே சொல். இரண்டே சொல், மச்சான்! நான் அறுபத்து நான்கு வரி எழுதியிருக்கிறேன்! அந்தச் சோறு ஆறுதுக்கு நூற்றுப் பத்து இதயம். பேராசிரியர் இரண்டு பக்கம் எழுதினார். அந்தச் சோற்றை ஆறிய பிறகு சாப்பிட்டவன் நான், என்னை ஒருத்தரும் கேட்கவில்லை.

அவள் பாணிதான் எடுபடுகிறது போல என்று நானும் மானத்தை விட்டு, ‘மாடு கத்துது, தண்ணி காட்டல’ என்று எழுதிப் போட்டுப் பார்த்தேன். பேராசிரியர் உடனே, “பாவாயி அவர்களைப் பின்பற்றி ஓர் இளைய தலைமுறை உருவாகி வருவது மகிழ்ச்சி. ஆனால் நகல் நகலே” என்று போட்டார். எனக்கு ஐம்பத்து மூன்று வயசு. அவள் என்னைவிட ஆறு வயசு சின்னவள்.

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். ஆனால் பூபதி என்று ஒருத்தன் இருக்கிறான். ஆத்தூர்க்காரன், குழுவில் அவன் பேர் ‘சொல்லருவி’. ஆள் என்னமோ கரண்டு கம்பம் மாதிரி இருப்பான். இந்த முகத்துக்கு அருவி ஒரு கேடு. அவன் உன் அக்காவின் முதல் கவிதைக்கு, அது கவிதையே இல்லை, அதற்குப் பதில் கவிதை எழுதினான்.

ஒழுகற ஊட்டுக்கு
ஓடாகிக் கெடப்பேன்
சட்டிய எடுத்து வெச்சுட்டுத்
தூங்கு கண்ணு

கண்ணாம்! என் பொண்டாட்டியை! நூற்றெண்பத்தேழு பேர் நடுவில்! உன் அக்கா என்ன செய்தாள் தெரியுமா? அதற்கு இதயம் போட்டாள். ஒன்றோடு நிற்கவில்லை, கீழே ‘சரிங்க’ என்று வேறு எழுதினாள். அந்த ‘சரிங்க’வைப் பார்த்துக் குழுவே குதித்தது. அன்றிலிருந்து கவனிக்கிறேன், அவள் முகமே ஒரு தினுசாக இருக்கிறது. கிழங்கு உரிக்கும்போது சிரிக்கிறாள். தலைக்குப் பூ வைக்கிறாள். என்னவென்று கேட்டால் “ஒண்ணுமில்லீங்க” என்கிறாள். நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? அவள் என் மனைவி என்று குழுவில் சொன்னால் ரசிகையாகச் சேர்த்த பொய் வெளியே வரும். சொல்லாவிட்டால் இந்த ஆத்தூர் அருவி தினமும் என் வீட்டில் கொட்டும். உள்ளதைச் சொல்கிறேன், பொறாமைதான். அவள் எழுத்து மேல் ஒரு பொறாமை, அவள் சிரிப்பு மேல் இன்னொரு பொறாமை. ஒரே நெஞ்சில் இரண்டையும் வைத்துக்கொண்டு மிளகு பறிக்க முடியவில்லை.

இப்போது தலைக்கு மேல் வெள்ளம் வந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நாமக்கல்லில் குழுவின் ஆண்டு விழா. வருஷத்துக்கு ஒருத்தருக்கு ‘ஆண்டின் குயில்’ என்று பொன்னாடை போர்த்துவார்கள். மூன்று வருஷமாக அந்தப் பொன்னாடைக்காகத்தான் நான் முப்பது அருமை போட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்று அறிவிப்பு வந்தது. இந்த ஆண்டின் குயில் பாவாயி. போர்த்தப்போவது சொல்லருவி பூபதி. உன் அக்கா இதற்கும் இதயம் போட்டிருக்கிறாள், மூன்று.

ஆகவே மச்சான், நீ சொன்னால் கேட்பாள். நாளைக்கே அவளைக் கூப்பிட்டு, இந்தப் போன் சூடாகிறது, ரிப்பேர் செய்ய வேண்டும் என்று ஏதாவது சொல்லி ஞாயிறு முடியும்வரை வாங்கி வைத்துக்கொள். குழுவிலிருந்து அவளை வெளியே எடுத்துவிடு. கேட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே, பொறாமை என்று நினைப்பாள்.

உன் மனைவிக்கு என் விசாரிப்பு. குழந்தைகள் கணக்குப் பாடத்தில் தேறி, தமிழில் அளவோடு தேறி, நீண்ட ஆயுளோடு இருக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு
உன் அக்கா புருசன்
கவிவேழம் குழந்தைவேலு

பின்குறிப்பு: இது இரண்டு நாள் கழித்து எழுதுவது. கொண்டை ஊசி வளைவில் மரம் விழுந்து ரோடு அடைத்துவிட்டதால் செங்கோடன் கிளம்பவில்லை. கடிதம் என் சட்டைப்பையிலேயே கிடந்தது. நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்படியில் போய் நின்று, “ஏம்புள்ள, ஆரு அந்தச் சொல்லருவி? எதுக்கு அவனுக்கு இதயம் போட்ட?” என்று கேட்டுவிட்டேன். அவள் சட்டியில் நிரம்பிய தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

“ஏனுங்க, நீங்கதானுங்களே அது?”

மேலே இருப்பது நான்தான் என்று சொல்லிக் கொடுத்தேன் அல்லவா. அதில் வருவதெல்லாம் நான் எழுதுவது என்றே இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். பேர் பேராக வருகிறதே, சந்தேகம் வரவில்லையா என்று கேட்டேன். “உங்களுக்குத்தான் பேரு மாறிக்கிட்டே இருக்குமேங்க” என்றாள். பேராசிரியர் எழுதியதைக் கேட்டேன். “நீளமா எழுதியிருந்தீங்க, படிக்கல. அதுக்குக் கீழ நீங்களே செத்துப்போயிட்டாப்பல எரங்கல் போட்டிருந்தீங்க, அதுதான் நல்லால்ல.” அப்புறம் கேட்கிறாள், “பொன்னாடை போத்தறேன்னு போட்டிருந்தீங்களே, என்ன கலருங்க?”

“ஓடு மாத்தச் சொன்னா வாயில நாளைக்கு நாளைக்குன்னு சொல்றீங்க, ஆனா மனசுல இவ்வளவு இருக்குதேன்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் ஒழுகுனாக்கூடப் பெருசாத் தெரியலீங்க” என்று சொல்லிவிட்டுச் சட்டியை மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

ஆகையால் மேலே எழுதிய எதையும் செய்யாதே. போனைத் தொடாதே. ஞாயிற்றுக்கிழமை நீயே போய், அக்காவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி அந்தப் பொன்னாடையை வாங்கி, குழுப் பேர் போட்ட அட்டை கிட்டை இருந்தால் பிய்த்துவிட்டு, பஸ்ஸில் கொடுத்து அனுப்பு. நான் போர்த்திக்கொள்கிறேன், அதாவது அவளுக்கு. அதில் எழுதுவது நான் இல்லை என்று நீயும் அவளிடம் சொல்லாதே. நூற்றெண்பத்தாறு பேர் வேலையை ஒருத்தன் பார்க்க வேண்டியிருக்கிறது, அது என் தலையெழுத்து.

கேட்காமல் இருக்க முடியவில்லை மச்சான், கேட்டுவிட்டேன். இத்தனை எழுதினேனே, எது பிடித்தது என்று. “ஓடாகிக் கெடப்பேன்னு போட்டதுதானுங்க. இருவத்தஞ்சு வருசத்துல அதுல மட்டுந்தான என்னையக் கண்ணுன்னு கூப்பிட்டீங்க” என்றாள். மலையே தோளே எப்படி என்று மெதுவாகக் கேட்டேன். “அது வேற ஆரோ எழுதுனாப்பல இருந்துச்சுங்க” என்றாள்.

எழுதியவன் ஆத்தூரில் நனையாமல் உட்கார்ந்திருக்கிறான். ஏணியை வைத்துவிட்டேன், இதை முடித்ததும் ஓடு மாற்ற நான் ஏறப்போகிறேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்கிறாள். கண்ணு என்று ஒரு தடவை கூப்பிடத்தான் காலையிலிருந்து பார்க்கிறேன், வாயில் வரமாட்டேன் என்கிறது.