ஒரு வார்த்தை சொல்லாதவர்

அரசாங்க அலுவலகங்களில் ரகசியத்தை வெளியே விடுகிறவர்கள் இரண்டு வகை. முதல் வகை வாயால் விடுவது. அதைப் பற்றி நாம் கவலைப்பட ஒன்றுமில்லை. ஓட்டைவாய் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் சொல்வதில் பாதிக்கு மேல் யாரும் நம்புவதும் இல்லை. இரண்டாவது வகைதான் இங்கே நாம் பார்க்கப் போவது. இவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் வாயையே திறக்காமல் மற்றவர்களைக் கெடுப்பார், அதுவும் விதிப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முழு மனச்சாட்சியோடு.

நம் கையில் சிக்கியிருப்பவர், கட்டடங்களுக்குத் தகுதிச் சான்று கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் ரகசியப் பிரிவின் கண்காணிப்பாளர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தியேட்டர் என்று நாலு பேர் கூடுகிற கட்டடங்களைப் போய்ப் பார்த்து, 'இது இடிந்து விழாது' என்று எழுதிக் கொடுப்பது அந்த அலுவலகத்தின் வேலை. மாறுதல், பதவி உயர்வு, புகார், தண்டனை ஆகியவை பற்றிய காகிதங்களைப் பூட்டி வைப்பது இவருடைய வேலை. அலுவலகத்தில் இவருக்குப் 'பூட்டு' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அது அவர் காதுக்கு வந்தபோது அவருக்குக் கோபம் வரவில்லை. ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தார்.

அவருடைய அறைக்குள் நுழைந்து பாருங்கள். நீங்கள் கதவைத் தொட்டதுமே, விரித்து வைத்திருந்த கோப்பு பட்டென்று மூடிக்கொள்ளும், அதன் மேல் ஒரு காகிதம் கவிழும், காகிதத்தின் மேல் விதிப் புத்தகம் உட்காரும், புத்தகத்தின் மேல் சாப்பாட்டுப் பை ஏறும், பையின் மேல் அவருடைய முழங்கை ஏறும், இத்தனைக்கும் மேலே அவர் முகம் நிமிர்ந்து, "வாங்க, ஒண்ணுமில்ல" என்று சொல்லும். ஒன்றுமில்லை என்றால் இத்தனை மாடி எதற்கு? சாதாரண லீவு லெட்டர் என்றால் அதை மல்லாத்திப் போட்டு, மேலே டீ டம்ளரையும் வைத்திருப்பார். ஆகவே அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் கணக்குத் தெரியும். புத்தகம் வரை என்றால் மாறுதல். சாப்பாட்டுப் பை வரை என்றால் விசாரணை. முழங்கையும் ஏறிவிட்டால், யாருக்கோ வேலையே போகப் போகிறது.

கண்டவரிடம் அவர் பேச மாட்டார். ஆனால் கண்டவர் மேல் அவருக்கு அக்கறை உண்டு. கடைநிலை எழுத்தர் ஒருவர் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போவதாகச் சொன்னால், "இப்ப எதுக்கு அவசரம், இன்னொரு மாசம் போகட்டுமே" என்பார். எழுத்தர் அன்று மாலையே பெட்டி கட்டத் தொடங்குவார். மாறுதல் என்று பூட்டு சொன்னாரா? சொல்லவில்லை. பெயிண்டைப் பற்றித்தானே பேசினார்.

வீட்டிலும் இதே கதைதான். சாப்பிடும்போது அவர் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"என்னங்க, இன்னைக்கு ஆபீஸ்ல என்ன?"

"ஒண்ணுமில்ல" என்றால் ஒன்றுமில்லை. "ஆபீஸ் விஷயத்த வீட்டுல பேசக் கூடாது, எத்தனை தடவ சொல்றது" என்றால், மனைவி கையைக் கழுவிக்கொண்டு போய்த் தன் தங்கைக்குப் போன் போடுவார். தங்கையின் கணவருக்கும் அதே அலுவலகத்தில்தான் வேலை. பக்கத்து அறையிலிருந்து அந்தப் போன் பேச்சு கேட்கும்போது, தான் எதுவும் சொல்லவில்லை என்பதை நினைத்துப் பூட்டுக்கு ஒரு நிம்மதி வரும்.

இவர் ஏன் இப்படி? பணத்துக்கா? சீ, ஒரு டீ கூட யாரிடமும் ஓசியில் வாங்கிக் குடித்ததில்லை. கெட்ட எண்ணமா? எறும்பைக்கூட மிதிக்க மாட்டார். வேறொன்றுமில்லை. தனக்கு ரகசியம் தெரியும் என்பது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் ஆசை. யாருக்கும் தெரியாமல் ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு இருப்பது, புதுச் சட்டை போட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும் அவருக்கு.

இதற்கெல்லாம் மேலே ஒரு கொள்கையும் வைத்திருந்தார். உண்மையைச் சொல்லக் கூடாது, அது விதி. பொய் சொல்லக் கூடாது, அது தர்மம். ஆகவே யாராவது ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டால், அது தப்பான பெயராக இருந்தால் "இல்லை" என்று சொல்லிவிடுவார். சம்பந்தமில்லாத ஒருவர் மேல் வீண் பழி விழலாமா? சரியான பெயராக இருந்தால் வாயைத் திறக்க மாட்டார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் இந்தக் கொள்கையில் ஓட்டை இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை. அலுவலகத்தில் மற்ற எல்லாருக்கும் முதல் வாரத்திலேயே தோன்றிவிட்டது.

இப்படியே போயிருந்தால் நாமும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பதிவறையில் ஒரு அம்மா இருந்தார்கள். பழைய கோப்புகளைத் தேதி வாரியாக அடுக்கி வைப்பது அவர்கள் வேலை. ஒருநாள் அப்படி அடுக்கும்போது ஒரு சங்கதி கண்ணில் பட்டது. உதவி இயக்குநர் பதினொரு கட்டடங்களை நேரில் போய்ப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தப் பதினொரு நாளும் அவர் உடம்பு சரியில்லை என்று லீவில் இருந்தார். லீவு லெட்டர்களும் அதே பதிவறையில்தான் இருந்தன. பதினொன்றில் ஒன்று பள்ளிக்கூடம். அதன் பின்பக்கச் சுவரில் விரிசல் விட்டிருப்பதாகத் தலைமையாசிரியை எழுதிய கடிதம் கோப்பிலேயே கிடந்தது.

அந்த அம்மா நான்கு நாள் தூங்கவில்லை. ஐந்தாம் நாள் எல்லாவற்றையும் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, இயக்குநருக்குச் சேர்க்கும்படி பூட்டிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதுதான் முறை.

"சார், உங்கள நம்பித்தான் குடுக்கறேன். பொண்ணுக்குப் பரீட்சை வருது. இந்த நேரத்துல என்னைத் தூக்கி எங்கயாவது போட்டாங்கன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"அம்மா," என்றார் பூட்டு. அவர் குரல் தழுதழுத்தது, அது நடிப்பில்லை. "தலையே போனாலும் இந்த வாயிலேருந்து வராது."

வரவும் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறோம்.

இயக்குநர் நேர்மையானவர். உறையைப் பிரித்துப் படித்தார், விசாரிக்கலாம் என்று எழுதினார், பத்திரமாக வைக்கச் சொல்லிப் பூட்டிடமே திருப்பிக் கொடுத்தார். யார் எழுதியது என்று அந்த இருவருக்கு மட்டும்தான் தெரியும். பூட்டு அதை இரட்டைப் பூட்டு பீரோவில் வைத்தார். அதற்கு முன்னால் அரை மணி நேரம் மேசை மேல் வைத்திருந்தார். சாப்பாட்டுப் பை ஏறியது. முழங்கையும் ஏறியது. ஒன்றுக்கு மூன்று பேர் அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவரிடம் மட்டும், "உதவி இயக்குநருக்கு இப்ப உடம்பு தேவலையா, பாவம்" என்று அக்கறையாகக் கேட்டார்.

மறுநாள் பதினொரு மணிக்கு, கீழே டீக்கடையில், உதவி இயக்குநரின் ஸ்டெனோ வந்து பக்கத்தில் நின்றான். வாயைப் பிடுங்குவதில் கெட்டிக்காரன்.

"சார், எங்க அய்யா மேல ஏதோ புகாராம். நீங்க எதுவும் சொல்ல வேணாம். சொன்னாலும் நான் காதுல வாங்க மாட்டேன்."

"ஆபீஸ் ரகசியம்ப்பா. என்னைக் கேக்காத."

"கேக்கலயே. நானா பேசிக்கறேன். மாடியில இருக்கற ஆளா இருக்குமோ?"

"சே, மாடியில யாரும் இல்லப்பா."

"அப்ப கணக்குப் பிரிவு."

"அவங்கள ஏன் இழுக்கற, பாவம்."

"தபால் பிரிவுல ஒருத்தருக்கு எங்க அய்யாவக் கண்டாலே ஆகாது."

"அவரு இல்ல. சும்மா ஒருத்தர் பேரக் கெடுக்காத." பூட்டுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. மூன்று நிரபராதிகளைக் காப்பாற்றியாகிவிட்டது.

"பதிவறை அம்மாவா?"

பூட்டு டம்ளருக்குள்ளே பார்த்தார். ஒரு வாய் குடித்தார்.

"டீயில இன்னைக்கு சக்கரை கம்மி," என்றார்.

ஸ்டெனோ அவருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கப் போனான். பூட்டு விடவில்லை. தன் டீக்குத் தானே கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாத திருப்தியோடு படியேறினார்.

மூன்றாம் நாள் அந்த அம்மாவுக்கு மாறுதல் உத்தரவு வந்தது. மாறுதல் பார்க்கிற மேலிடத்தில் உதவி இயக்குநருக்கு ஆள் இருந்தது. ஏழு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய ஒரு கிளை; காரணம், நிர்வாக நலன். அன்று மதியம் தணிக்கைக்கு என்று சொல்லி யாரோ பதிவறைக்குள் போனார்கள். சாயங்காலம் பார்த்தால் பதினொரு லீவு லெட்டரையும் காணோம், தலைமையாசிரியையின் கடிதத்தையும் காணோம். ஆதாரமில்லை என்று புகார் மூடப்பட்டது.

இயக்குநருக்கு ஆத்திரம். பெயர் எப்படி வெளியே போயிற்று என்று கண்டுபிடிக்க வேறு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியை வரவழைத்தார். அவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். பூட்டு ஏதாவது சொன்னாரா? சொல்லவில்லை. ஜாடையாகவாவது? இல்லை. ஸ்டெனோ நெஞ்சில் கை வைத்துச் சொன்னான்: "அவரு வாயே திறக்கல சார். டீயில சக்கரை கம்மின்னாரு, அவ்வளவுதான்."

பொய் சாட்சி என்று யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லாரும் நடந்ததைத்தான் சொன்னார்கள். ரகசியம் கசிந்ததற்குத் தடயமில்லை என்றும், கண்காணிப்பாளரின் நாவடக்கம் மற்ற ஊழியர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு என்றும் அறிக்கை வந்தது. அறிக்கையும் ரகசியம்தான். பூட்டு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தலையை வாரிக்கொண்டார். சாப்பாட்டு வேளைக்குள் நான்கு பேர் வந்து கை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் பதிவறை அம்மா சாவிக்கொத்தோடு வந்தார்கள். புது ஆள் வரும்வரை அது ரகசியப் பிரிவில் இருக்க வேண்டும்.

"கையெழுத்துப் போட்டு வாங்கிக்கங்க சார்."

பூட்டு போட்டார். அந்த அம்மா உடனே போகவில்லை.

"சார், ஒண்ணு கேக்கணும். நீங்க எதுவும் சொல்ல வேணாம்."

அவர் எத்தனையோ தடவை கேட்ட பேச்சுதான். இந்தத் தடவை ஏனோ சாப்பாட்டுப் பையை இழுத்து அறிக்கையின் மேல் வைத்துக்கொண்டார்.

"நான் யார்கிட்டயும் மூச்சு விடல. வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல. எப்படிப் போச்சுன்னே தெரியல. யோசிச்சு யோசிச்சு மண்டை காயுது. பியூனா சார்?"

"இல்லம்மா. அவன் கைக்கே அந்தக் கவர் போகல."

"டைப் அடிக்கற பொண்ணா?"

"சேச்சே, அதுக்குத் தெரியவே தெரியாதும்மா."

"டைரக்டரா?"

"அவரு அப்படிப்பட்டவர் இல்லம்மா."

அந்த அம்மா மேசை மேல் இருந்த பையையும், அதன் மேல் ஏறியிருந்த முழங்கையையும் பார்த்தார்கள்.

"அப்ப நீங்களா சார்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அறிக்கையே அப்படித்தான் சொல்கிறது. முத்திரையோடு, கையெழுத்தோடு, முழங்கைக்கு அடியிலேயே இருக்கிறது. வாயைத் திறக்கக்கூடச் செய்தார். ஊரில் உள்ள நிரபராதிகளுக்கெல்லாம் சுலபமாக வந்த அந்தச் சொல், தனக்கென்று வேண்டியபோது வரவில்லை. அவர் சாவிக்கொத்தைப் பார்த்தார்.

"சரி சார்," என்று அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டார்கள். வாசல் வரை போய்த் திரும்பினார்கள். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

மகளின் பரீட்சைக்கு அப்போது ஒன்றரை மாதம் இருந்தது. பதிவறைச் சாவி இன்றைக்கும் இரட்டைப் பூட்டு பீரோவில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பின்சுவரும் விரிசலோடு அப்படியே நிற்கிறது. வெயில் நேரத்தில் பிள்ளைகள் அதன் நிழலில்தான் விளையாடுகிறார்கள். பூட்டு இப்போது டீக்கடைக்குப் போவதில்லை. போகாததிலிருந்தே, பெயரை விட்டது யார் என்று மற்றவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

நல்லவேளை, நீங்கள் அந்த ரகமில்லை. உங்களை நம்பிச் சொன்ன எதையும் நீங்கள் யாரிடமும் சொன்னதில்லை. அது எங்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறோம், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். இதைப் படிக்கும்போது, எப்போதோ ஒருவர் உங்களிடம் மட்டும் சொல்லி, பிறகு எப்படியோ வெளியே போய்விட்ட ஒரு விஷயம் நினைவுக்கு வந்திருக்குமே, அதை விட்டது யார்? உங்கள் மச்சானா? பக்கத்து வீட்டுக்காரரா? கூட வேலை செய்கிறவரா?

என்ன, சத்தத்தையே காணோம்?