இத்தாலியன் தெரிஞ்சவன் போட்ட கிரேக்கப் படம்

வெள்ளிக்கிழமை மத்தியானம் பில்டிங் பிள்ளைங்களுக்கு ஒரு படம் போடணும். அவ்வளவுதான் எனக்கு வேலை.

பஹ்ரைன்ல, ஈசா டவுன்ல, எங்க பில்டிங்ல இது ஒரு வழக்கம். லீவு நாள்ல யாராவது ஒருத்தர் வீட்டு ஹால்ல படம் ஓடும். இந்த வாரம் எங்க முறை. பாப்கார்ன் என் வீட்டம்மா பிரபா பொறுப்பு. படம் என் பொறுப்பு.

பிள்ளைங்களுக்கு இப்போ கிரேக்க புராணப் பைத்தியம். ஸ்கூல் லைப்ரரில ஏதோ புக்கு படிச்சிருக்குதுங்க. "அங்கிள், மான்ஸ்டர் வேணும், கத்திச் சண்டை வேணும்"னு ஆர்டர் வேற.

எங்க ஆபீஸ்ல லூக்கான்னு ஒரு இத்தாலிக்காரர் இருக்கார். சைட் எஞ்சினியர். அவர்கிட்ட சும்மா சொன்னேன். மனுஷனுக்கு முகமெல்லாம் பல்லு.

"எங்க ஊர்ல அந்தக் காலத்துல இந்த மாதிரி நிறைய எடுத்தாங்க! கிரேக்க வீரன், ராட்சசப் பிராணி, எல்லாம் இருக்கு. நான் சின்னப் பையனா பாத்த படம். ஒரு தப்பான சீன் கிடையாது!"

மறுநாளே பென்டிரைவ்ல போட்டுக் கொண்டுவந்து கொடுத்துட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு தடவை ஓட்டிப் பாத்தேனா? பாக்கலை.

வெள்ளிக்கிழமை. ஹால் நிறைய பிள்ளைங்க. சோபால மேல் வீட்டு பாஸ்கர் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர். படம் பாக்கும்போது ஒரு காட்சியைக் கூட விடமாட்டார், கண்ணாலேயே கணக்கெடுப்பார். பக்கத்துல அவர் சம்சாரம் மாலதி அக்கா. கீழ அவங்க பொண்ணு தியா.

லைட்டை அணைச்சேன். புரொஜெக்டரைப் போட்டேன். டமடமன்னு மியூசிக். அட்டையில செஞ்ச தூணுங்க. எண்ணெய் தேச்சு ஊறவச்ச மாதிரி பளபளன்னு ஒரு பயில்வான். இடுப்புல குட்டைப் பாவாடை.

"குளிக்கப் போற வழியில கூட்டிட்டு வந்துட்டாங்களா?"ன்னாங்க மாலதி அக்கா.

பயில்வான் வாயைத் திறந்தான்.

இத்தாலியன்!

இங்கிலீஷ் ஆடியோ தேடினேன். இல்லை. இந்த ஊர் அரபில சொன்னா, மாஃபி. சப்டைட்டில் தேடினேன். அதுவும் மாஃபி. பிள்ளைங்க முணுமுணுக்க ஆரம்பிச்சுடுச்சு. வேற ஏதாவது போட்டுடலாம்னு ரிமோட்டை எடுத்தேன்.

அப்பதான் கிச்சன்ல இருந்து பாப்கார்னோட வந்தா பிரபா.

"ஏன் நிறுத்துறீங்க? இவருக்குத்தான் இத்தாலியன் அத்துப்படியாச்சே! டெய்லி ஆபீஸ் போன்ல அதுலதான் பேசுவார். இவர் சொல்லச் சொல்ல நாம பாக்கலாம்!"

ஹால் மொத்தமும் என்னைத் திரும்பிப் பாத்துது. மாலதி அக்கா, "அப்படியா சரவணன் தம்பி! சொல்லவே இல்ல!"ன்னாங்க. பிரபா முகத்துல ஒரு பெருமை பாருங்க. கல்யாண ஆல்பத்துல கூட அந்தப் பெருமை இல்லை.

எனக்குத் தெரிஞ்ச இத்தாலியன் என்னன்னா, காபி, கிராட்சியேன்னா நன்றி, தொமானின்னா நாளைக்கு, பிராப்ளேமான்னா பிரச்சனை. லூக்கா தினம் சொல்றது. அப்புறம் போனை வைக்கும்போது "சாவ்". போயிட்டு வரேன்னு அர்த்தம். முதல் தடவை அதைக் கேட்டப்போ, யாரையோ சாபம் விடுறேன்னு பயந்தவதான் இந்த பிரபா.

இப்போ இல்லைன்னு சொன்னா அவ முகம் எங்க போகும்? சரி, புராணக் கதைதானே, நாம பாக்காத புராணமான்னு தொண்டையைச் செருமிக்கிட்டு ஆரம்பிச்சேன்.

சிம்மாசனத்துல ஒரு ராஜா. கையை ஆட்டி ஆட்டி ரொம்ப நேரம் பேசினார். நடுவுல "பிராப்ளேமா"ன்னு ஒரு வார்த்தை மட்டும் மாட்டுச்சு.

"நாட்டுல ஒரு பிரச்சனை இருக்குங்கறார்."

"அங்கிள், இவ்ளோ நேரம் பேசினது அவ்ளோதானா?"ன்னா தியா.

"பெரிய பிரச்சனைம்மா."

அடுத்து ஒரு தாடிக்காரப் பெரியவர் வந்தார். பயில்வான் தோள்ல கையை வச்சு, கண்ணை உருட்டி என்னமோ சொன்னார்.

"இவர்தான் அவங்க அப்பா. நல்லபடியா போயிட்டு வாப்பான்னு ஆசீர்வாதம் பண்றார்."

அடுத்து ஒரு பொண்ணு. கண் நிறைய தண்ணி. பயில்வான் கையில ஒரு துணியைக் கட்டிவிட்டா.

ராக்கி மாதிரி கையில கட்டிவிட்டா என்ன அர்த்தம்? நம்ம ஊர்ல வேற என்ன சொல்லுவோம்?

"தங்கச்சி"ன்னேன். "ஒரே தங்கச்சி. பாசமலர்."

மாலதி அக்கா உச்சு கொட்டினாங்க. எனக்கும் ஒரு தெம்பு வந்துடுச்சு. ராட்சசப் பிராணி வந்துது. பெரிய பல்லி. வாய்க்குள்ள இருக்குற ஆளோட கையே தெரிஞ்சுது. பயில்வான் அதை மல்லாக்கத் தூக்கிப் போட்டான். பிள்ளைங்க விசில்! நான் பல்லிக்கும் சேர்த்து டயலாக் விட்டேன். "ஐயோ, என் வாலு!"ன்னு பல்லி தமிழ்ல கத்துச்சு. பாஸ்கர் அண்ணாச்சியே சிரிச்சுட்டார். பிரபா பாப்கார்ன் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி வச்சா. ராஜ மரியாதை!

பல்லி செத்துது. ஜெயிச்ச பயில்வான் ஓடி வந்தான். தங்கச்சியும் ஓடி வந்தா.

நின்னாங்க. பாத்தாங்க. வயலின் வேற கூடிக்கிட்டே போகுது.

நான் ரிமோட்டைத் தேடினேன்.

கொடுத்தான் பாருங்க ஒரு முத்தம்! வாயோட வாய்!

"ஐய்யய்யோ!"ன்னு மாலதி அக்கா தியா கண்ணைப் பொத்தினாங்க. நான் பாய்ஞ்சு புரொஜெக்டர் முன்னால நின்னேன். படம் மறையும்னு நினைச்சேன். நான் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. முத்தம் அப்படியே என் தொப்பை மேல விழுந்து இன்னும் பெருசா தெரிஞ்சுது.

"என்னடே இது? தங்கச்சின்னுல்லா சொன்ன?" அண்ணாச்சி எந்திரிச்சே நின்னுட்டார்.

"இல்ல அண்ணாச்சி, இது... இது வேற பொண்ணு! ரெட்டைப் பிறவி! தங்கச்சியோட..."

"தங்கச்சியோட ரெட்டைப் பிறவியும் தங்கச்சிதான்டே!"

நியாயமான பாயிண்ட். வேற ரூட்டைப் பிடிச்சேன்.

"இல்ல, இவ அதே ஜாடை. வேற ஊரு."

"வளையலும் அதே வளையல்லா போட்டிருக்கா?"

மனுஷன் வளையலைப் பாத்து வச்சிருக்கார்!

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அடுத்த சீன். மலை உச்சி. பயில்வான் நேரா போனான். தாடிக்கார அப்பாவை அலேக்கா தூக்கினான். தலைக்கு மேல ஒரு சுத்து. பள்ளத்துல வீசிட்டான்.

"அப்பாவையா!"ன்னு தியா கத்தினா. கடைசி வரிசையில ஒரு வாண்டு ஓன்னு அழ ஆரம்பிச்சுடுச்சு.

"தங்கச்சிக்கு முத்தம் குடுக்கான், அப்பனைக் கொல்லுதான். இதைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டுதியா?"ன்னார் அண்ணாச்சி.

அந்த நேரம் பாத்து காலிங் பெல்.

போய்க் கதவைத் திறந்தா கையில ஒரு கேக் பெட்டியோட லூக்கா! பிரபாதான், படம் குடுத்த மனுஷனை டீக்குக் கூப்பிடுங்கன்னு சொல்லியிருந்தா. நானும் கூப்பிட்டிருந்தேன். வரமாட்டார்னு நினைச்சுத்தான் கூப்பிட்டேன்.

"சாவ்!"ன்னு கையைத் தூக்கினார் லூக்கா.

"வந்ததும் வராததுமா யாரைடே சாவச் சொல்லுதான்?"ன்னார் அண்ணாச்சி.

லூக்காவை சோபால உக்கார வச்சோம். நான் டீ எடுத்துட்டு வர்ற சாக்குல கிச்சனுக்கு நகர்ந்தேன். அதுக்குள்ள தியா இங்கிலீஷ்ல கேட்டுட்டா. "அங்கிள், ஹீரோ ஏன் அவன் தங்கச்சிக்கு முத்தம் குடுத்தான்? ஏன் அப்பாவைக் கொன்னான்?"

"தங்கச்சியா? அப்பாவா?" லூக்கா முழிச்சார். அப்புறம் என்னைப் பாத்தார். நான் அவருக்குப் பின்னால நின்ன பிரபாவைக் கண்ணாலேயே காட்டினேன். காப்பாத்துய்யான்னு கெஞ்சினேன்.

மனுஷன் அதைத் தப்பா புரிஞ்சுக்கிட்டார். அவர் மொழியில பேசுன்னு ஜாடை காட்டுறேன்னு நினைச்சு, கடகடன்னு இத்தாலியன்ல என்கிட்ட ஏதோ நீளமா கேட்டார்.

ஹால் மொத்தமும் என் வாயையே பாத்துது.

"பதில் சொல்லுங்க"ன்னா பிரபா. சந்தோஷமா சொன்னா, பாவம்.

நான் கையில இருந்த சரக்கை மொத்தமா இறக்கினேன். "கிராட்சியே. தொமானி. பிராப்ளேமா. காபி."

லூக்கா சோபால சாஞ்சு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சார். பிரபா என்னைப் பாத்தா. அவளுக்கு எல்லாமே புரிஞ்சு போச்சு.

"அப்போ போன்ல பேசுறது இவ்வளவுதானா?"

"'சாவ்' ஒண்ணு விட்டுட்டேன்"னேன்.

சிரிக்கக் கூடாதுன்னு உதட்டைக் கடிச்சா. முடியலை. அவ சிரிச்சதும் எனக்கு உயிர் வந்துது.

அப்புறம் லூக்கா உண்மைக் கதையை இங்கிலீஷ்ல சொன்னார். அந்தத் தங்கச்சி பக்கத்து நாட்டு ராணியாம். தாடிக்காரர் மந்திரியாம், வில்லனாம். நான் ஆசீர்வாதம்னு சொன்ன இடத்துல, 'உன்னை உயிரோட விடமாட்டேன்'னு மிரட்டினாராம்!

பிள்ளைங்க பாப்கார்னைக் கொறிச்சுக்கிட்டே கேட்டுதுங்க. சொல்லி முடிச்சதும் தியா கையைத் தூக்கினா.

"இது போரடிக்குது. நீங்க விடுங்க. சரவணன் அங்கிளே சொல்லட்டும்."

அழுத வாண்டும், "பல்லி பேசணும்"னுச்சு.

மீதிப் படம் முழுக்க நான்தான் பேசினேன். லூக்காவே, "இப்ப என்ன சொன்னார்?"ன்னு தியாகிட்ட கேட்டுக் கேட்டு சிரிச்சார். கிளம்பும்போது பாஸ்கர் அண்ணாச்சி மட்டும் வாசல்ல நின்னார்.

"தம்பி, அந்த ரெட்டைப் பிறவி கடைசில என்ன ஆனா?"

"துபாய்ல செட்டில் ஆயிட்டா அண்ணாச்சி"ன்னேன். நிம்மதியா படி ஏறினார்.

மக்களே, நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான். மொழி தெரியாத படத்துல யார் வந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர்னு சொல்லிடுங்க. அதுக்கப்புறம் அவங்க முத்தம் கொடுத்தாலும் சரி, தூக்கிப் பள்ளத்துல வீசினாலும் சரி, ஒருத்தரும் எந்திரிச்சு நின்னு கேள்வி கேக்கமாட்டாங்க.