பர்சென்ட் பாய் இருக்கிறார்

இந்த மும்பை மாநகரத்தில் என் சொந்த வெப்சைட்டை ஒரு பக்கம் விடாமல் படித்த மனிதர் ஒரே ஒருவர்தான். சீத்தா கேம்ப்பில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பர்சென்ட் பாய். படித்துவிட்டு ஒரு நாளாவது நன்றாயிருக்கிறது என்று சொன்னாரா என்றால், அதுதான் இல்லை. திட்டுவதற்காகவே படித்தார். எனக்கு ரத்த அழுத்தம் வந்தது பரம்பரையால் என்கிறார் டாக்டர். அவருக்குப் பாயைத் தெரியாது.

வெப்சைட் செய்து கொடுப்பது என் பிழைப்பு. கல்யாண மண்டபம், மசாலாக் கம்பெனி, பல் டாக்டர் என்று யார் வந்தாலும் செய்து தருவேன். என்னுடைய சொந்த வெப்சைட்டை மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இடித்துத் தள்ளிவிட்டு முதலிலிருந்து கட்டுவேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செம்பூரில் இன்று எந்த அடுக்குமாடி சொசைட்டி இடித்துக் கட்டாமல் இருக்கிறது? எங்கள் தெருவில் பாதிக் கட்டடங்கள் பச்சைத் துணி போர்த்திக்கொண்டு நிற்கின்றன. அவர்களை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. என்னைக் கேட்பதற்கு மட்டும் பாய் இருந்தார்.

பழக்கம் ஏற்பட்டது ஒரு விபத்தால். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கீழே விழுந்து நொறுங்கிய என் போனை, பளபளவென்றிருந்த பெரிய கடைகளில் தூக்கிப் போடச் சொன்னார்கள். பாய் அதைப் பேச வைத்தார். அந்த நன்றியில் என் வெப்சைட்டில் ‘சீத்தா கேம்ப் செல்போன் டாக்டர்’ என்று ஒரு பக்கம் எழுதி, அவர் போட்டோவைப் போட்டு, சந்துகளுக்குள் புகுந்து கடையைக் கண்டுபிடிக்கும் வழியையும் விவரமாகச் சொன்னேன். மேப்பை நம்பிப் போனால் அது கறிக்கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். நான் செய்த உபகாரம் அவ்வளவுதான், பிறகு ஏழரை ஆரம்பமாயிற்று.

கடைக்கு வழி கேட்டு யார் போன் செய்தாலும் பாய் அந்தப் பக்கத்தின் லிங்க்கை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுவார். ஊரில் உள்ள சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். போகப் போக, வெப்சைட்டே தன்னுடையது என்றும், என்னைச் சும்மா வேலைக்கு வைத்திருப்பதாகவும் நினைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு முறை மெனு பட்டனை வலது பக்க மேல் மூலையில் வைத்தேன். உலகமே அங்கேதான் வைக்கிறது. மறுநாள் காலை போன் வந்தது.

“தங்கச்சி, அந்த மூலையில இருக்கத எடுத்து இந்த மூலையில வையி. என் போன்ல அந்த மூலை தொட்டா வேலை செய்யாது.”

“பாய், ஊரு போனையெல்லாம் சரி பண்றீங்க. உங்க போன்ல ஒரு மூலையைச் சரி பண்ணக் கூடாதா?”

“கஸ்டமர் போன் வேற, சொந்தப் போன் வேற. நீ கூடத்தான் ஊரான் வெப்சைட்டை ஒரு தடவை செஞ்சிட்டு அப்புறம் தொடவே மாட்டே. உன்னோடத மட்டும் காலி பீலி, ஒரு காரணமும் இல்லாம, கழட்டிக் கழட்டி மாட்டுதே. நான் ஏதாவது கேட்டனா?”

கேட்டதைத் தவிர அவர் வேறென்ன செய்தார்? பட்டனை இடது பக்கம் மாற்றினேன். ஆத்திரத்தோடுதான் மாற்றினேன்.

அப்புறம் வந்தது ஷட்டர் விவகாரம். பக்கத்தின் முகவரியைக் கடை ஷட்டரில் எழுதி வைக்க வேண்டும் என்று பாய்க்கு ஆசை வந்துவிட்டது. தமிழில் இருக்கும் முகவரியைக் காப்பி செய்து இன்னோர் இடத்தில் ஒட்டினால், அது கம்ப்யூட்டர் பாஷைக்கு மாறிவிடும். ‘சீ’ என்ற ஒற்றை எழுத்து %E0%AE%9A%E0%AF%80 என்று ஆகும். ‘சீ’க்கே இந்தக் கதி என்றால் சீத்தா கேம்ப் செல்போன் டாக்டரின் கதி என்ன? என்னிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்கவில்லை. வந்ததை அப்படியே பெயின்டரிடம் கொடுத்துவிட்டார். பெயின்டர் நாணயஸ்தர், ஒரு புள்ளியைக்கூட விடவில்லை. எழுத்து ஷட்டரை நிரப்பி, பக்கத்துச் சுவரில் ஏறி, கரண்ட் மீட்டரைச் சுற்றிக்கொண்டு போய் முடிந்தது.

அன்றிலிருந்துதான் அவர் பர்சென்ட் பாய். போகிறவன் வருகிறவன் எல்லாம் ஷட்டரைப் பார்த்துவிட்டு, “கித்னா பர்சென்ட் டிஸ்கவுண்ட் ஹை, பாய்?” என்று உள்ளே நுழைந்தார்கள். நேரில் போய்ப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது.

“கடைக்கு வழி சொல்ற முகவரியைக் கடை மேலேயே எழுதி என்ன பிரயோஜனம் பாய்? வந்து நிக்கறவனுக்கு எதுக்கு வழி?”

“வந்தவன் திரும்பி வரணும்லா?”



அதற்கடுத்த வருஷம் வெப்சைட்டை மறுபடி இடித்தேன். இந்தத் தடவை எல்லாம் கறுப்பு, அதுதான் அப்போது ஃபேஷன். பக்கங்களின் முகவரிகளையும் மாற்றினேன். பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதிய இடத்துக்கு அனுப்ப ஒரு வரி போட வேண்டும், அது விட்டுப்போயிற்று. யாருக்குத்தான் விடாது? பக்கம் கிடைக்காதவர்களுக்கு ‘மன்னிக்கவும்’ என்று சொல்லி அலுத்துப்போய், கொஞ்சம் வேடிக்கையாக ஒரு வாசகம் எழுதியிருந்தேன்: ‘நீங்கள் தேடி வந்தது இப்போது நம்மிடையே இல்லை. ஆழ்ந்த வருத்தங்கள்.’

பாய் வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்த பழைய லிங்க்கில் அவர் போட்டோ முன்போலவே சிரித்துக்கொண்டிருந்தது. அதைத் தொட்டால் கன்னங்கரேலென்று ஒரு திரையும் இந்த வாசகமும்.

“என்ன தங்கச்சி, என்னை மவுத்தாக்கிட்டியே! உசுரோட உக்காந்து சார்ஜர் வித்துக்கிட்டு இருக்கேன்!”

“பாய், அது உங்களைச் சொல்லல. பக்கம் இல்லைன்னு அர்த்தம்.”

“எந்தப் பக்கம்? வலது பக்கமா, இடது பக்கமா? எங்க லாத்தா மேலப்பாளையத்துல ரயிலேறிட்டா! மாரடிச்சு அழுதுக்கிட்டே வாரா!”

ரிப்பேருக்குப் போன் கொடுத்திருந்தவர்கள், பாயோடு தங்கள் போனும் போய்விடும் என்று பயந்து கடைக்கு ஓடி வந்தார்களாம். உயிரோடு இருந்தவரைப் பார்த்து ஒருத்தர்கூடச் சந்தோஷப்படவில்லை. “மேரா மொபைல் கிதர் ஹை?” என்றுதான் கேட்டார்கள். லாத்தா என்கிற அந்த அக்கா வந்து சேர்ந்தபோது தம்பி பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “இதுக்கா தட்கல்ல டிக்கெட் எடுத்தேன்” என்று முதுகில் நாலு வைத்தாராம். அந்த நாலும் வட்டியோடு என்னிடம் வந்தன.

மறுநாள் அக்காவையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். நானும் விடவில்லை. சொசைட்டியே கேட்கும்படி கத்தினேன்.

“இது என் சொந்த வெப்சைட் பாய்! என் வீட்டுல கட்டிலை நான் எங்க வேணா போடுவேன்!”

“கட்டிலைப் போடு, வேண்டாம்னா சொல்லுதேன்? அதுல என்னைக் கிடத்தி கஃபன் துணி போத்துனியே, அதத்தான் கேக்குதேன்! பேப்பர்ல தப்பா போட்டா மறுநாள் திருத்தம் போடுதான்லா? போடு!”

போட்டேன். விட்டுப்போன வரியைப் போட்டு, பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் ‘பர்சென்ட் பாய் இருக்கிறார்’ என்றும் எழுதினேன்.

“நலமாக இருக்கிறார்னு போட்டா கை தேஞ்சிருமா?” என்றார்.

“நலமா இருக்கறவர் இப்படிக் கத்த மாட்டார்” என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனை தடவை இடித்தாலும் முதலில் இடம் பிடித்தது அந்த வரிதான். பாய் விட்டால்தானே? டிசைன் கொஞ்சம் அசைந்தால் போதும், போன் வந்துவிடும். ஹலோ கிடையாது, சலாம் கிடையாது.

“தங்கச்சி, இருக்கேனா?”

“இருக்கீங்க பாய். போனை வைங்க.”

இந்த மழைக்காலத்தில் மறுபடி இடித்தேன். போன் வரவில்லை. தொல்லை விட்டது என்று முதல் வாரம் நிம்மதியாக இருந்தேன். இரண்டாவது வாரம் வேலையில் மனம் செல்லவில்லை. கடைசியில் நானே கூப்பிட்டேன். அவர் மகள் எடுத்தாள்.

“வாப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில இருந்தாங்க ஆண்ட்டி. வீட்டுக்கு வந்தாச்சு. டாக்டர் சப் டீக் ஹைன்னுதான் சொல்றார். ஆனா வாப்பா யாரையும் திட்ட மாட்டேங்கறாங்க. சோத்துல உப்பு இல்லைன்னாகூடச் சும்மா சாப்பிட்டுட்டு செவத்தைப் பாத்துப் படுத்துக்கறாங்க. கடையைக் குடுத்துரலாம்னு சொல்றாங்க. பஹுத் டர் லக்தா ஹை, ஆண்ட்டி. ரொம்பப் பயமா இருக்கு.”

போனை வைத்ததும் எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. இத்தனை வருஷம் என் உயிரை வாங்கிய மனிதர், இப்போது தன் உயிர் போனால் போகட்டும் என்று சுவரைப் பார்த்துப் படுப்பதாவது! யாரைக் கேட்டுக்கொண்டு படுத்தார்? நல்லபடியாகத் தேறி வாருங்கள் என்று எழுதி அனுப்பலாமா என்று யோசித்தேன். அந்த மாதிரி வார்த்தைகளுக்கெல்லாம் எழுந்திருக்கிற ஆள் இல்லை அவர்.

பாய் ஊரில் தமிழ் மீடியத்தில் படித்தவர். செம்பூரில் பிறந்து வளர்ந்த என்னைப் போன்றவர்கள் எழுதுவதைத் தமிழ் என்றே அவர் ஒத்துக்கொண்டதில்லை. லேப்டாப்பைத் திறந்தேன். அந்த ஒற்றை வரியில் ஓர் எழுத்தை மாற்றினேன். ‘பர்சென்ட் பாய் இருக்கிரார்.’ மகளுக்கு லிங்க்கை அனுப்பி, வாப்பா கண்ணில் படும்படி வைக்கச் சொன்னேன்.

சாயங்காலம் போன் வந்தது. குரல் தேய்ந்துபோயிருந்தது.

“ஏ தங்கச்சி. எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சே நீ?”

“ஏன் பாய்?”

“வல்லின ‘ற’ எங்க? தின்னுட்டியா?” கொஞ்சம் மூச்சு வாங்கினார். பிறகு குரல் ஏறியது. “ஒரு மனுசன் இருக்கான்னு ஒழுங்கா எழுதத் தெரியல, டிசைன் மாத்துதாளாம் டிசைன்! ரெண்டு வாரம் அசந்தா மானத்தை வாங்கிருதியே! நாளைக்குக் கடையைத் தொறக்கேன். தொறந்து உக்காந்து ஒவ்வொரு பக்கமா பாக்கப் போறேன், பாரு. எத்தனை தப்பு வச்சிருக்கியோ!”

 அவர் முழுதாக முடிக்கும்வரை போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.